நாவல்பழக் கட்சியின் ஒரே அமைச்சர்

நான் அமைச்சராக இருந்திருக்கிறேன். இதை வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. பதவிக்காலம் மொத்தமே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு குளத்தை விற்றேன், இரண்டு மைத்துனர்களுக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தேன், ஆறு பாட்டுப் பாடினேன். கடைசியில் நான்கு குடம் தண்ணீரில் என் ஆட்சி கவிழ்ந்தது. (ஊழல் செய்த ஓர் அமைச்சர் இவ்வளவு சீக்கிரம் பதவி இழந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதி வைப்பது வேலை. சொந்த ஊர் சின்னாளபட்டி என்றாலும் மில் குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தேன். அங்கே எனக்கு ஓர் அறை, ஒரு வாளி, ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் என்னைக் கெடுத்தது. அதில் முகம் பார்க்கும்போதெல்லாம் நான் டைம் ஆபீசுக்குப் பிறந்தவன் இல்லை என்று தோன்றும்.

மில்லில் ஆண்டுவிழா என்றால் மியூசிகல் சேர், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடுவது, மேனேஜர் பேச்சு, பூந்தி மிக்சர். அவ்வளவுதான். அந்த வருடம் நான் எழுந்து, "இந்த வருசம் ஒரு இசை நாடகம் போடுவோம். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு. அரசியல் ஊழலைக் கிழிக்கிறோம்" என்றேன். மேனேஜர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சியும் வந்து மில் கேட்டை மறிக்காத மாதிரி கிழிங்க" என்று அனுமதி கொடுத்தார்.

நாடகத்தின் பெயர் 'கொடிக்கம்பம்'. கட்சிக்குப் போஸ்டர் ஒட்டும் ஒருவன் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அமைச்சர் ஆகிறான், சொந்த ஊர்க் குளத்தையே விற்கிறான், கடைசியில் எல்லாம் இழந்து அதே கொடிக்கம்பத்துக்குத் திரும்பி வருகிறான். எழுதியவன் நான். இயக்கியவன் நான். அமைச்சராக நடிப்பவனும் நானே. (வேறு யாருக்கும் அந்த முகவெட்டு இல்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.) இசை, மெஷின் பிட்டர் செல்வராஜ். அவருடைய பழைய கீபோர்டில் மூன்றே மூன்று தாளம்தான் வேலை செய்யும். இரண்டு திருவிழாவுக்கு ஆகும், ஒன்று துக்க வீட்டுக்கு ஆகும். என் அறிமுகப் பாட்டுக்கு மூன்றாவதுதான் பொருந்தியது.

"போஸ்டர் ஒட்டப் பசை எடுத்தேன் அன்று,
பதவி ஒட்டப் பசை தேடுகிறேன் இன்று!"

இதைப் பாடிக்கொண்டே நான் மேடையை மூன்று சுற்று வர வேண்டும். ஒத்திகையில் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

இனி தேன்மொழி. மில்லின் லேப்பில் நூலின் தரம் பார்க்கிற வேலை. அறுந்த நூலையும் மனிதர்களையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவாள். எங்களுக்குள் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவள் வீட்டில்தான் ஆகவில்லை. அவளுடைய அப்பா சடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை பேருக்குத்தான். உண்மையான தொழில் கட்சி. முப்பது வருடம் போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, வேனில் ஆள் ஏற்றி, கிளைச் செயலாளர் என்ற இடத்திலேயே நின்றுவிட்டவர். ஒருமுறை கொடிக்கம்பத்திலிருந்து விழுந்ததில் இடது காலை வேறு இழுத்து இழுத்து நடப்பார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். பண்டிகைக்கு இன்னும் நான் அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

ஒரு நாள் கேன்டீனில் தேன்மொழி செய்தி கொண்டுவந்தாள்.

"அப்பா கிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'பையன் எந்தக் கட்சியா வேணா இருந்துட்டுப் போகட்டும். எங்க கட்சியக் கேலி பண்ணுனான்னா மட்டும் இந்த வாசல மிதிக்கக் கூடாது'ன்னுட்டாரு. நாடகத்துக்கு வாராராம். மொத வரிசையில உக்காருவாராம்."

குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆக, என் கல்யாணம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்கியது. நான் நடிக்கும் அமைச்சர் எந்தக் கட்சிக்காரராகவும் தெரியக்கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். நம் ஊரில் அமைச்சர் என்றால் கரை வேட்டி. கரை என்றால் நிறம். நிறம் என்றால் கட்சி. சிவப்புக்கு ஆள் இருக்கிறது. கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள், காவி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தாலும் அதற்கும் ஒரு கட்சி எங்கேயோ பதிவாகியிருக்கிறது. கரையே இல்லாமல் கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் கல்யாணத் தரகர்தான் தெரிந்தார். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், "எந்தக் கட்சியும் இல்லாத கரை வேட்டி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர், "அப்பிடி ஒரு கட்சி இருந்தாச் சொல்லுங்க தம்பி, நானும் சேந்துக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏதாவது ஒரு பழைய கரை வேட்டியை எடுத்து, கரையின்மேல் வேறு சாயம் ஏற்றிவிட்டால் என்ன? நாவல்பழ நிறம். அடியில் எந்த நிறம் இருந்தாலும் விழுங்கிவிடும், எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதது. கட்சிக்கு உடனே பெயரும் வைத்துவிட்டேன். பொதுமக்கள் பொதுக் கட்சி. சின்னம் சல்லடை.

"உங்களுக்குச் சாயம் போடத் தெரியுமா?" என்று தேன்மொழி கேட்டாள்.

"யாரைப் பாத்துக் கேக்குற? மூணு தலைமுறையாச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் முக்குற குடும்பம்" என்று மார்தட்டினேன். (மூன்று தலைமுறையும் முக்கியது உண்மை. நான்காவது தலைமுறையைப் படிக்கட்டும் என்று சாயத் தொட்டிப் பக்கமே விடவில்லை என்பதைச் சொல்லவில்லை.)

அவள் மறுநாளே ஒரு வேட்டியைக் கொண்டுவந்தாள். "பெட்டிக்கடியில கிடந்துச்சு. அப்பா ஒரு நாளும் கட்டுனதில்ல. வேண்டாத வேட்டிதான்" என்றாள். ஒரு மூலையில் சிவப்பு நூலில் 'ச' என்று சின்னதாகத் தைத்திருந்தது. மடிப்புக்கூட கலையவில்லை. கரையில் அவருடைய கட்சி நிறம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தபோதாவது யோசித்திருக்க வேண்டும். காதல் வந்தவனுக்கு எங்கே யோசனை வருகிறது?

வேட்டியின் வெள்ளைப் பகுதியைப் பாலிதீனில் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, கரையை மட்டும் வெளியே விட்டு வாளியில் முக்கினேன். சேலைக்கு முந்தியும் கரையும் வேறு நிறம் வேண்டுமானால் எங்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள். அதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொதிக்க வேண்டும், உப்புப் போட வேண்டும், நேரம் விட்டு எடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும் என்பதெல்லாம் நான் பார்க்காத பகுதி. பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டேன். அதே வாளியில் தோளில் போடும் துண்டையும் முக்கினேன். காய்ந்ததும் பார்த்தால் அற்புதமான நாவல்பழம். அப்பாவுக்குப் போன் செய்து பெருமையடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மில் மைதானத்தில் சாமியானா. முதல் வரிசையில் மேனேஜர், அவர் பக்கத்தில் கட்சித் துண்டோடு சடையப்பன். நான் மேடைக்கு வந்ததும் அவர் பார்த்தது என் முகத்தையல்ல, என் கரையைத்தான். நாவல்பழ நிறத்தை ஒரு நிமிடம் ஆராய்ந்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். மேடை ஓரத்தில் தேன்மொழி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பசை தேடினேன், பதவி ஏறினேன், குளத்தை விற்றேன். சல்லடைச் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டபோது சடையப்பனே சிரித்தார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.காம். போடுவதா, நாடகாசிரியர் என்று போடுவதா என்ற அளவுக்கு மனம் போய்விட்டது.

அடுத்தது குடப் பாட்டு. ஸ்பின்னிங் பிரிவுப் பேச்சியம்மாள் அக்கா தலைமையில் நான்கு பெண்கள் காலிக் குடங்களோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைச் சூழ்ந்து பாட வேண்டும். "குளம் எங்கே" என்ற இடத்தில் ஒவ்வொருவராக என் தலைக்கு மேல் குடத்தைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் இல்லை என்று காட்ட வேண்டும். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த கட்டம்.

மேடைக்குப் பின்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவர்கள் அழைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில், காம்பவுண்டுக்கு வெளியே தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண் கையில் குடத்தோடு நிற்கும்போது தண்ணீர் லாரி வந்தால் என்ன செய்வாள்? நான்கு பேரும் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார்கள். நிரம்பிய குடத்தை இறக்கி வைத்தால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இடுப்போடு வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து செல்வராஜ் தாளத்தைத் தட்டிவிட்டார்.

"கவுக்காம பாட்டை மட்டும் பாடிட்டு வந்துருவோம்னுதான்ப்பா போனோம்" என்று பேச்சியம்மாள் அக்கா பிறகு சத்தியம் செய்தார். ஆனால் ஒரு மாத ஒத்திகை கையில் ஏறிப்போயிருந்தது.

"குடம் இருக்கு, குளம் எங்கே?
கொடி இருக்கு, குடிநீர் எங்கே?
மனு இருக்கு, மனசு எங்கே?
மந்திரியாரே, பதில் எங்கே?"

'குளம் எங்கே' என்றதும் அக்காவின் கை தானாக உயர்ந்தது. முழுக் குடமும் என் தலையில் இறங்கியது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்காவே ஊற்றிவிட்டார் என்றால் திட்டம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து வரிசையாக ஊற்றினார்கள். மைதானமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வயிறெரிந்து கத்தியது: "ஏலே, அது குடிக்கிற தண்ணிடா!"

கைதட்டல் ஓயும்போது குனிந்து பார்த்தேன். என் காலடியில் ஊதா நிறத்தில் ஒரு குளம். வேட்டியிலிருந்து நாவல்பழம் வரிவரியாக வழிந்துகொண்டிருந்தது. அது விலக விலக, அடியிலிருந்து அசல் கரை எட்டிப் பார்த்தது. நெசவு மில்லில் சாயம் ஏற்றி நெய்த கரை, பிறந்த அன்று போலப் பளபளத்தது. ஊரை ஏமாற்றி, குளத்தை விற்று, மைத்துனர்களை வாழவைத்த அமைச்சர் எந்தக் கட்சி என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது.

பதற்றத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அது அதே வாளித் துண்டு. இப்போது முகமும் ஊதா.

ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் முதல் வரிசைக்குப் போயிருந்தது. சடையப்பன் எழுந்தார். காலை இழுத்து இழுத்து மேடைப் படியில் ஏறினார். அந்த நான்கு படிக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் என் கல்யாணம், என் வேலை, என் எதிர்காலம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் போயின. அருகில் வந்தவர் குனிந்து வேட்டியின் மூலையைப் பிடித்துத் திருப்பினார். சிவப்பு நூலில் 'ச'.

"இது என் வேட்டி" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. ஊரே வெடித்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "தலைவர் கையால வாங்குனது. பதவி கிடைக்கிற அன்னைக்குக் கட்டணும்னு வச்சிருந்தேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நனைந்ததற்காக இல்லை. ஒரு மனிதர் முப்பது வருடம் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த ஆசையை எடுத்து வாளியில் முக்கி, அதைக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறேன். ஊழலைக் கிழிக்கப் புறப்பட்டவன் யாரைக் கிழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சாயம்தான் உள்ளே போனது. கசந்தது.

"நாடகம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. ஒரு பாட்டு பாக்கி."

"அப்ப முடிங்க. செத்த நேரம் உக்காந்துக்கிறேன், கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அது அமைச்சர் நாற்காலி. சிவப்புத் துணி போர்த்தி, முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தோம். அவருக்கு அது அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

கடைசிப் பாட்டு தேன்மொழியுடையது. அமைச்சரானவன் மறந்துபோன பழைய தோழனின் மனைவி, கொடிக்கம்பத்தடியில் நின்று பாடுவதாகக் காட்சி. அந்த ஒரு பாட்டை மட்டும் நான் எழுதவில்லை. அவளே எழுதினாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

"ஊரெல்லாம் சுவர்தேடி ஒட்டி வந்தார்,
ஒருநாளும் தன்படத்தை ஒட்டவில்லை.
ஆறின சோற்றுக்கு வீடு வந்தார்,
ஆசையை எங்களிடம் காட்டவில்லை."

செல்வராஜ் தாளத்தை நிறுத்திவிட்டார். வெறும் குரல் மட்டும் கேட்டது. தேன்மொழி கூட்டத்தைப் பார்த்துப் பாட வேண்டியவள், நாற்காலியைப் பார்த்துப் பாடினாள். சடையப்பன் கட்சித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பாட்டு முடிந்ததும் எழுந்து, படியிறங்கிப் போய்விட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஊர் பாதிப் பாதியாகக் கைதட்டியது. மேனேஜர், "அடுத்து மியூசிகல் சேர்" என்று அறிவித்தார்.

வேட்டியைத் துவைத்துக் காயவைத்துத் தேன்மொழியிடம் கொடுத்தனுப்பினேன். துவைக்கத் துவைக்க வெள்ளையிலும் ஊதா திட்டுத்திட்டாக ஏறியது. (கரையில் பிடிக்காத சாயம் வெள்ளையில் மட்டும் பிடித்துக்கொண்டது. அதன் ஓரவஞ்சனையை என்னவென்று சொல்வது?) பன்னிரண்டு நாள் தகவலே இல்லை. "வீட்டுல என்ன சொல்றாரு?" என்று தினமும் கேட்பேன். "சாப்டியான்னு மட்டும் கேக்குறாரு" என்பாள்.

பதின்மூன்றாம் நாள் நான் சின்னாளபட்டி வீட்டில் இருந்தபோது, வாசலில் காலை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் பின்கட்டுக்கு ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சடையப்பன் என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து வேட்டியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இந்தச் சாயத்த எடுத்துக் குடுக்க முடியுங்களா?"

அப்பா வேட்டியை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், விரலை எச்சில்படுத்தித் தேய்த்தார். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"எந்த மடப்பய உப்புப் போடாமச் சாயம் முக்குனது? தண்ணியக் கூடச் சுட வைக்கல! இவனெல்லாம் ஒரு சாயக்காரனா?"

"அவரு சாயக்காரரு இல்லங்க" என்றார் சடையப்பன். "உங்க மகன்."

அப்பா வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு பின்கட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு முதலில் சிரித்தது அப்பாதான். சடையப்பன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சேர்ந்துகொண்டார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அம்மா காப்பி கொண்டுவந்தாள். காப்பி முடிவதற்குள் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்றவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மாமனார் எனக்கு எடுத்தது கரையே இல்லாத சுத்த வெள்ளை வேட்டி. தாம்பாளத்தில் அதன்மேல் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கல்லுப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு வெள்ளை வேட்டி, ஒரு பொட்டலம் கல்லுப்பு. இப்போது என் பிள்ளைகளே, "அப்பாவோட கவர்மென்ட் கவுந்த கதையச் சொல்லுங்க தாத்தா" என்று அவரிடம் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் குடத்தின் எண்ணிக்கை கூடுகிறது. போன தீபாவளிக்குப் பதினொன்று.

அந்த வேட்டியை அப்பாவால் கடைசிவரை மீட்க முடியவில்லை. கரையில் கட்சி நிறம், வெள்ளையெல்லாம் ஊதாத் திட்டு. மாமனார் அதைப் பழையபடி மடித்துப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டார்.

போன உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஒருவழியாக அவர் நினைவு வந்தது. வார்டு உறுப்பினருக்கு நிற்கச் சொன்னார்கள். புது வேட்டி வாங்கி வைத்திருந்தோம். அவர் உள்ளே போய், அந்தத் திட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தேன்மொழி சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ஓட்டுக் கேட்டுப் போன முதல் தெருவிலேயே ஒரு அம்மா வேட்டியை உற்றுப் பார்த்து, "அண்ணே, இது என்ன கட்சி?" என்று கேட்டார். "இது எங்க மாப்பிள்ளை கட்சி தாயி. ஓட்ட மட்டும் எங்க கட்சிக்குப் போடு" என்றார்.

தோற்றுப்போனார். முடிவு தெரிந்த அன்று பிற்பகல் வீட்டுக்கு வந்தவருக்காக எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். அவர் கைலிக்கு மாறிக்கொண்டு வந்து, வேட்டியை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"அடுத்த எலெக்சனுக்குள்ள இத நல்லா அலசி வைங்க மாப்பிள்ளை."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "தேனு, உப்பு எங்க இருக்குன்னு அவருக்குக் காட்டு" என்றார்.